வெறும் வளையம்

துணி வியாபாரிகள் மத்தியில் அவளுக்குக் கழுகு என்று பெயர். சொந்தப் பெயர் வாசல் பலகையில் எழுதியிருந்தது. பலகையை யார் படிக்கிறார்கள்? "கழுகுகிட்ட குடுத்துடுங்க, நிறம் நூலிழை பிசகாது" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். திரைச்சீலை, மேசைவிரிப்பு, சோபா உறை என்று விற்பனைப் புத்தகத்தில் அச்சாகிற துணிகளைப் படம் எடுப்பதுதான் அவள் தொழில். அசைகிற எதையும் எடுக்க மாட்டாள். கல்யாணத்துக்கு யாராவது கூப்பிட்டால், "மாப்பிள்ளை அசையாம அரை நாள் நிப்பாரா?" என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

கழுகு என்ற பெயர் சும்மா வரவில்லை. நமக்கெல்லாம் வெள்ளை என்றால் வெள்ளை. அவளுக்குப் பால் வெள்ளை வேறு, வெண்ணெய் வெள்ளை வேறு, எலும்பு வெள்ளை வேறு. இந்தக் காலத்துக் கேமராக்கள் நிறத்தைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். அவளோ அந்த வசதியைத் தொட மாட்டாள். துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைப்பாள். கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரில் வலது கண்ணைப் பதித்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாள் வெள்ளையாகத் தெரிகிறவரை நிற எண்ணைத் திருகுவாள். எண் ஏறினால் படத்தில் மஞ்சள் ஏறும், இறங்கினால் நீலம் ஏறும். "மெஷினுக்கு என்ன தெரியும், வெண்ணெயா சுண்ணாம்பான்னு?" என்பாள். கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் வேலை சுத்தமாக இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

முன்னறை ஸ்டூடியோ, பின்னறை வீடு. நடுவில் இருந்த சின்ன அறையில் கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். எடுப்பது அவள், படங்களை வெட்டி ஒழுங்காக்கி அனுப்புவது அவர். வீட்டில் மூன்றாவதாக ஒருவன் உண்டு என்றால் அது கொழுந்தன். இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு, உயிர் இருப்பது பழைய லென்ஸ்களில். யாராவது பரணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் மோப்பம் பிடித்துப் போய் நிற்பான்.

அவன்தான் அந்த லென்ஸைக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தான். முழுக்க உலோகம். கையில் வைத்தால் அம்மிக்குழவி போலக் கனக்கும். தானாக ஃபோகஸ் ஆகாது. வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். எவ்வளவு வெளிச்சம் உள்ளே போக வேண்டும் என்பதையும் கையால்தான் வைக்க வேண்டும். அவள் புதுக் கேமராவில் நேராக மாட்டினால் சேராது. அது திருகாணி போட்ட காலத்து லென்ஸ், இது பூட்டு வைத்த காலத்துக் கேமரா. நடுவில் அடாப்டர் என்று ஒரு கறுப்பு வளையம் வேண்டும். முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்று பேசி முடிக்கிற தரகர் மாதிரி, ஒரு பக்கம் திருகாணிக்கு இடம் கொடுத்து, மறுபக்கம் பூட்டில் மாட்டிக்கொள்ளும்.

மாட்டிய முதல் நாள் கேமரா படம் எடுக்க மறுத்துவிட்டது. "லென்ஸ் மாட்டப்படவில்லை" என்று திரையில் எழுதிக் காட்டியது. புது லென்ஸ் என்றால் உள்ளே மின்சாரம் ஓடி, "நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லும். கிழம் வாயைத் திறக்கவில்லை.

"கண்ணு முன்னாடி குண்டுக்கல்லா உக்காந்திருக்கு, இல்லைங்குதே!" என்றாள்.

"அதுக்கு வயசானவங்களைக் கண்டா மதிப்பில்லை அண்ணி" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்ற கட்டளையைத் தேடிப் பிடித்துப் போட்டான். அன்றைக்கு எடுத்த முதல் படத்தை அவள் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். நெசவின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது, ஆனால் எதுவும் குத்தவில்லை. மடிப்பில் நிழல் மெதுவாக இறங்கியது. அன்றிலிருந்து வேறு லென்ஸ் மாட்டவில்லை. துணி எங்கே ஓடப்போகிறது? நிதானமாகத் திரையில் நெசவைப் பெரிதாக்கி, இழை தெளிகிற இடத்தில் வளையத்தை நிறுத்துவாள்.

இரண்டாம் வருஷத்தில்தான் அந்த லென்ஸ் மஞ்சளாகத் தொடங்கியது.

அப்படித்தான் அவள் நினைத்தாள். வ்யூஃபைண்டரில் தாள் லேசாகப் பழுப்படித்தது. கொழுந்தன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: சில பழைய லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் என்று ஒரு சரக்கைக் கலந்திருப்பார்கள், வயதாக ஆக அது மஞ்சளாகும், நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் தெளியும். லென்ஸைக் கழற்றி, வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து, வலது கண்ணால் பார்த்தாள். மஞ்சள். சந்தேகமே இல்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் அலுமினியத் தாளை விரித்து லென்ஸை ஜன்னலில் காய வைத்தாள். "வடகமா காயுது?" என்று கணவர் கேட்டதற்கு முறைத்தாள். தெளிகிறவரைக்கும் என்ன செய்வது? தாள் வெள்ளையாகத் தெரிகிறவரை நிற எண்ணை இறக்கினாள். மாதம் போகப் போக இன்னும் இறக்கினாள்.

வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் லென்ஸில் பனி மூட்டம் போலவும் தெரிந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தாள். வ்யூஃபைண்டரைப் பார்வைக்குத் தக்கபடி சரிசெய்கிற குட்டிச் சக்கரம் ஒன்று உண்டு. அது தானாக நகர்கிறது என்று அடிக்கடி திருகினாள். இத்தனைக்கும் நடுவே ஒரு பெருமை வேறு. "இப்பல்லாம் படிக்கக் கண்ணாடியே வேணாம்! இந்த வயசுல யாருக்கு இப்படி?" என்று மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுவாள். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். கழுகு அல்லவா!

கணவரின் அக்காவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை என்று அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனார். அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலைக் கம்பெனியின் பெரிய வேலை வந்தது. ஸ்டூடியோவின் பாதிச் சோறு அந்தக் கம்பெனி போடுவதுதான். எடுத்த படங்களை அவளே, கம்ப்யூட்டரில் திறந்துகூடப் பார்க்காமல், நேராக அச்சகத்துக்கு அனுப்பினாள்.

புத்தகம் அச்சாகி வந்த மறுமாதம் கம்பெனியின் மேலாளர் அம்மாள் நேரில் வந்தாள். அதிகம் பேசாத மனுஷி. புத்தகத்தை விரித்து, பக்கத்தில் நிஜத் துணியை வைத்தாள்.

"மேடம், இது வெண்ணெய் நிறம். புத்தகத்துல பாருங்க, ஐஸ் கட்டி மாதிரி இருக்கு. வாங்கினவங்க எல்லாம் திருப்பி அனுப்புறாங்க."

கழுகு பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நீலம் பாய்ந்திருந்தது உண்மைதான். சுருக்கென்றது.

"அச்சகத்துல கெடுத்துட்டாங்க" என்றாள். "காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. அங்க உக்காந்திருக்கிற ஆளுக்கு அதான் போல. மஞ்சளைக் கழிச்சுக் கழிச்சு நீலமாக்கி வெச்சிருக்கான்."

"அவங்களையும் கேட்டுட்டேன். நீங்க அனுப்பின படமே நீலமாத்தான் இருக்காம்." மேலாளர் புத்தகத்தை மூடினாள். "பழக்கத்துக்காக ஒரு தடவை கேக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி எடுத்துக் குடுங்க. அதுவும் இப்படி வந்தா முதலாளி வேற ஆளைப் பார்க்கச் சொல்லிட்டார்."

அவள் போனதும் கழுகு கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்தாள். நீலம். இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த துணியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. துக்கம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். கோபத்துக்கு ஆள் வேண்டுமே! கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, உன் கிட்ட இருக்கிற எல்லாக் கிழத்தையும் எடுத்துக்கிட்டு உடனே வா."

வந்தான். தோளில் தொங்கிய பையில் லென்ஸ்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் காலுறைகளுக்குள் இருந்தன. ஊரிலிருந்து திரும்பியிருந்த கணவர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னத்தைக் குடுத்தே எனக்கு? கண்ணுக்கு மஞ்சளாக் காட்டுது, படத்துல நீலமா எடுக்குது. ரெட்டை வேஷம்!"

"அண்ணி, அது தோரியம் லென்ஸே இல்லை. அன்னைக்கே பார்த்துத்தானே குடுத்தேன்." தலையைச் சொறிந்தான். "சரி, மஞ்சளாவே இருக்கட்டும். அப்போ படமும் மஞ்சளாத்தானே வரணும்? நீலம் எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான் நம்பரை இறக்கினேனே!"

"இறக்கினப்புறம் வ்யூஃபைண்டர்ல தாள் வெள்ளையாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"உள்ள தெரியறதுதானே அண்ணி படமா வரும்? அப்போ படத்துலயும் வெள்ளையாத்தானே இருக்கணும்?"

கேள்வி நியாயமானது. அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதையா என்னைச் சொல்றியா?"

"ஐயோ, நான் எங்க சொன்னேன்!"

அவன் பையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தான். அவள் ஜன்னல் பக்கம் போய், வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மஞ்சள். அடுத்ததைக் கொடுத்தான். அதுவும் மஞ்சள். இன்னொன்று. "இதுவும் அதே கும்பல்தான்!" கொழுந்தன் ஒவ்வொன்றையும் திரும்ப வாங்கித் தானும் பார்த்தான். அவனுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அண்ணி வம்புக்குச் சொல்கிறாளோ என்று நினைத்தான். ஆனாலும் பாவம், அவள் முகத்தைப் பார்த்தால் வம்பு மாதிரி இல்லை.

"ஒருவேளை அடாப்டர்ல கோளாறு இருக்குமோ?" என்றான், சமாதானத்துக்கு.

அவள் விறுவிறுவென்று கேமராவிலிருந்து அடாப்டரைக் கழற்றினாள். வலது கண்ணில் வைத்து ஜன்னலைப் பார்த்தாள்.

"பார்த்தியா! இதுவும் மஞ்சள்! குடும்பத்தோட மஞ்சள்!"

கொழுந்தன் சிரித்தான். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டான். மெதுவாகக் கையை நீட்டி, அந்த வளையத்துக்குள் தன் சுண்டுவிரலை விட்டான். விரல் மறுபக்கம் வெளியே வந்து அவள் இமைமயிரைத் தொட்டது.

"அண்ணி... இதுல கண்ணாடியே இல்லையே. வெறும் வளையம்."

"தெரியும்" என்றாள். தெரியாமல் என்ன? தினமும் அவள் கையால் மாட்டிக் கழற்றுகிற வளையம்தானே.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வளையத்தை இடது கண்ணுக்கு மாற்றினாள். தாள் வெள்ளையாக இருந்தது. பளீரென்று, முதல் நாள் வாங்கிய தாள் மாதிரி. வலது கண்ணுக்கு மாற்றினாள். டீ சிந்தித் துடைத்த தாள். மறுபடி இடது. மறுபடி வலது. வளையத்தைக் கீழே வைத்துவிட்டு வெறும் உள்ளங்கையால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தாள். சுவர், மேசை, கொழுந்தனின் சட்டை எல்லாம் ஒரு கண்ணில் ஒரு நிறம், மறு கண்ணில் இன்னொரு நிறம். ஒற்றைக் கண்ணை மூடுவது படம் எடுக்கும்போதும் லென்ஸைச் சோதிக்கும்போதும் மட்டும்தான். அப்போதும் மூடுவது நல்ல கண்ணை. இத்தனை நாளும் இதற்கா ஜன்னலில் லென்ஸைக் காய வைத்தோம் என்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். காமாலை என்று யாரைச் சொன்னோம் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

கணவர் டீயோடு வந்து நின்றார். இருவர் முகத்தையும் பார்த்தார்.

"என்னாச்சு?"

"என் கண்ணுல மஞ்சள்" என்றாள். "லென்ஸ்ல இல்லை. கண்ணுல."

அவர் டம்ளர்களை மேசையில் வைத்தார். வைத்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துபோயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகு இது கூடவா தெரியாது?

"உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணுன்னு தெரியாது" என்றார். "படம் எல்லாம் நீலமா வந்துது. நான் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி அனுப்பிக்கிட்டிருந்தேன்."

"எத்தனை நாளா?"

"போன மழைக்காலத்துலேருந்து."

"சொல்ல வாய் வரலையா உங்களுக்கு? என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து திருத்திக்கிட்டிருக்கீங்க! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீ தப்பா எடுப்பேன்னு எனக்குத் தோணவே இல்லம்மா" என்றார் அவர், நிஜமாகவே திகைத்துப்போய். "நீலமா எடுக்கிறது உன்னோட புதுப் பாணின்னு நினைச்சேன். கடைக்காரங்களுக்கு அது புரியாதேன்னுதான் மாத்தினேன்."

சிரிக்கவா, அந்த டீயை அவர் தலையில் கொட்டவா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பயமாக இருந்தது. மற்றவர்களுக்குக் கை போனால், கால் போனால் தொழில் போகும். அவளுக்குக் கண். அதிலும் வலது கண். கழுகுக்குக் கண் போனால் அப்புறம் அது என்ன, கோழிதானே? இதை வாய்விட்டே சொன்னாள். கொழுந்தன், "கோழிக்கும் கண்ணு நல்லாத்தான் தெரியும் அண்ணி" என்றான். அடிக்கக் கை ஓங்கினாள். அழுகை கொஞ்சம் குறைந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. கண் மருத்துவர் அதற்கு அடுத்த வாரம்தான் நேரம் கொடுத்திருந்தார். இடது கண்ணால் எடுத்தாள்.

சொல்வது சுலபம். ஆயுள் முழுவதும் வலது கண்ணால் பார்த்தவளுக்கு இடது கண்ணை வைக்கிற இடமே தெரியவில்லை. மூக்கு கேமராவின் பின்னாலிருந்த தொடுதிரையில் போய் அழுந்தியது. புது லென்ஸாக இருந்தால் மூக்குப் பட்ட இடத்துக்கெல்லாம் ஃபோகஸ் ஓடியிருக்கும். கிழம் மூக்குக்கெல்லாம் மசியவில்லை, கை சொன்னதை மட்டும் கேட்டது. நெசவைப் பெரிதாக்கி, இழை தெளிகிறவரை வளையத்தைத் திருகினாள். எண்ணை வெள்ளைத் தாளுக்குச் சரியாக வைத்தாள். ஒவ்வொரு துணிக்கும் கணவரைக் கூப்பிட்டு, "உள்ளதைச் சொல்லுங்க, பாணி கீணின்னு சொன்னீங்க, தொலைச்சிடுவேன்" என்று கேட்டாள். அவர் துணியையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பயந்து பயந்து, "சரியா இருக்கு" என்றார்.

மேலாளர் வருவதற்கு முன்னால் கணவர் மெல்லச் சொன்னார்: "கண்ணு விஷயத்தை அவங்ககிட்ட சொல்லணுமா? படம்தான் நல்லா வந்திடுச்சே. வாயைக் குடுத்து வேலையை விட்டுடாதே."

அவளுக்கும் அதேதான் தோன்றியது. சொன்னால் வேலை போகலாம். கண் சரியில்லாதவளிடம் யார் நிறத்தை நம்பிக் கொடுப்பார்கள்?

மேலாளர் வந்தாள். திரையின் பக்கத்தில் துணியைப் பிடித்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இதான்" என்றாள். "இதான் வெண்ணெய்."

அந்த ஒரு சொல்லோடு விட்டிருக்கலாம். கழுகுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அச்சகத்துக்காரர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. காமாலை அவருக்கில்லை, எனக்கு. என் வலது கண்ணுல கோளாறு. இது இடது கண்ணால எடுத்தது. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறேன். தெரிஞ்சுக்கிட்டு வேலை குடுக்கிறதானா குடுங்க."

கணவர் கூரையைப் பார்த்தார். மேலாளர் துணியை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும், வீடு பூரா அழுக்கா இருக்குன்னு எங்களையெல்லாம் திட்டித் தீர்த்துட்டாங்க." நல்லதாகச் சொன்னாளா கெட்டதாகச் சொன்னாளா என்று மூவருக்கும் விளங்கவில்லை.

மருத்துவர் சின்னப் பெண். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்புரை" என்றாள். "ஒரு கண்ணுல நல்லா முத்தியிருக்கு. இன்னொண்ணுல இப்போதைக்குப் பயமில்லை. நடுவுல கொஞ்ச நாள் கண்ணாடி இல்லாம படிக்க முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சுது" என்றாள் கழுகு, பெருமை எல்லாம் போய்.

"அதுவும் புரையோட வேலைதான். பழசை எடுத்துட்டு உள்ள ஒரு லென்ஸ் வெப்போம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாங்க வெக்கிறது ஒரே தூரத்துக்குத்தான் தெளிவாத் தெரியும், தானா மாறாது. எட்டத்துக்கு வேணுமா, கிட்டத்துக்கு வேணுமா?"

"ஆட்டோஃபோகஸ் கிடையாதா?"

"கிடையாதும்மா."

துணைக்கு வந்திருந்த கொழுந்தன், "அடாப்டர் இல்லாம மாட்டுமான்னு கேளுங்க அண்ணி" என்று காதில் ஓதினான். மருத்துவமனை என்றும் பார்க்காமல் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில் பாதி இறங்கியது.

"எட்டத்துக்கே வையுங்க டாக்டர். கிட்டத்துக்கு என் கேமராவுல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கு."

கட்டுப் பிரித்த அன்று அவள் முதலில் பார்த்தது கணவரின் தலையை. "இவ்வளவு நரைச்சிடுச்சா உங்களுக்கு!" என்றாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். மேலாளர் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கே துடைப்பத்தை எடுக்கப் போனவளை இரண்டு பேரும் பிடித்து உட்கார வைத்தார்கள். ஜன்னலில் அலுமினியத் தாள் இன்னும் விரித்தபடி கிடந்தது. கிழ லென்ஸை எடுத்து, அதன் வழியே வலது கண்ணால் வெள்ளைத் தாளைப் பார்த்தாள். வெள்ளை. கொழுந்தனைக் கூப்பிட்டு, "உன் லென்ஸ் மேல ஒரு தப்பும் இல்லை தம்பி, அதையும் திட்டினேன், உன்னையும் திட்டினேன்" என்றாள். அவன், "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டான்.

திரைச்சீலைக் கம்பெனியிலிருந்து மட்டும் ஒரு செய்தியும் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மூவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். கண் ஆறி, வேலை செய்யலாம் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. துணிக்கட்டு. மேலே ஒட்டியிருந்த சீட்டில் மேலாளரின் கையெழுத்து: "எல்லாம் வெள்ளை வகை. எந்தக் கண்ணால் வேண்டுமானாலும் எடுங்கள்."

கழுகு சீட்டை இரண்டு தடவை படித்தாள். படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. பிறகு வெண்ணெய் நிறத் துணியை மாட்டினாள், தாளை வைத்தாள், கிழ லென்ஸை அடாப்டரில் திருகிக் கேமராவில் பூட்டினாள். வலது கண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். படம் விழவில்லை. அவள் படுத்திருந்த நாட்களில் கணவர் பொழுதுபோகாமல் கேமராவைத் துடைத்து, மெனுவில் எதையோ நோண்டிப் பழைய கட்டளைகளையெல்லாம் அழித்து வைத்திருந்தார்.

"லென்ஸ் மாட்டப்படவில்லை" என்றது திரை.

"போடா" என்றாள் அவள். "ஒண்ணுக்கு ரெண்டா மாட்டியிருக்கேன், இல்லைங்கிறியே!"

பக்கத்து அறையில் கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் மெனுவுக்குள் போனாள்.